ஒரு வாளி வேலம்பாசி

செருப்பைக் கழற்றிய ஓசையிலேயே ஆபத்சகாயம் கோபத்தோடு வந்திருக்கிறார் என்பது அம்மையாருக்கு விளங்கிவிட்டது.

"மறுபடியும் தின்றுவிட்டாள், அம்மா" என்றார் அவர், உட்காருவதற்கு முன்பே.

"யார்?"

"மீன்தான். கப்பி மீன். காலையில் குட்டி போட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஒன்றுகூட இல்லை. பெற்றவளே தின்றுவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்!"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சிறிய மடத்தில் பாடமும் சமையலும் அவர் பொறுப்பு. சீடராகிய ஆபத்சகாயம் அவரைவிட வயதில் மூத்தவர். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். உணவு விடுதிகளின் சமையலறைக்குள் முன்னறிவிப்பின்றி நுழைவது அவருடைய தொழில். மூடியிருக்கும் எந்தப் பாத்திரத்தையும் திறந்து பாராமல் அவர் திரும்பியதில்லை.

மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை என்று முதன்முதலில் வந்து முறையிட்டவரிடம், "நாள்தோறும் ஏதேனும் ஒன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று அம்மையார் சொல்லியிருந்தார். அவர் மறுநாளே ஒரு மீன்தொட்டி வாங்கினார். அன்றுமுதல் அதைத் தொடாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"பார்க்கத்தானே சொன்னேன்?"

"பார்க்கத்தான் செய்கிறேன். கண்ணாடியில் பாசி படிந்திருந்தால் எப்படி அம்மா பார்ப்பது? தேய்க்க வேண்டாமா?" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெற்றதைத் தின்னும் தாயை இறைவன் எதற்காகப் படைத்தான்?"

"நீங்கள் கேட்பது மீனைப் பற்றித்தானா?"

ஆபத்சகாயம் தரையைப் பார்த்தார்.

"மங்கை கும்பகோணத்தில் அவள் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். விடுமுறைக்குப் போனவள் திரும்பி வர மாட்டேன் என்கிறாள். அங்கேயே கல்லூரியில் சேரப்போகிறாளாம். நான் பேசினால் தொலைபேசியை எடுப்பதுகூட இல்லை. நீங்கள் 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மகள் வந்துவிடுவாள்."

"ஏன் போனாள்?"

"காரணமே இல்லை. அதுதான் எரிச்சல். அடித்ததில்லை, வைததில்லை. கண்ணிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன்."

"மீனை?"

"மீனையும் அப்படித்தான்!"

அம்மையார் கீரைத் தண்டை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார்.

"நடங்கள். அந்தத் தொட்டியைப் பார்க்க வேண்டும்."

வீட்டுக் கூடத்தில் இருந்தது தொட்டி. அதில் தண்ணீர் இருக்கிறதா என்றே ஐயம் எழும், அவ்வளவு தெளிவு. மேலே வெண்ணிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு கல்கூட இல்லை.

"கூழாங்கல் போட்டிருந்தேன்" என்றார் ஆபத்சகாயம். "இடுக்குகளில் அழுக்குத் தங்குகிறது. எடுத்துவிட்டேன். செடியும் அப்படியே. அதோ பாருங்கள், இன்னொருத்திக்கு வயிறு கறுத்திருக்கிறது. அடுத்துக் குட்டி போடப்போவது அவள்தான்."

அவருடைய மனைவி வேணி காபியோடு வந்தார். "மீனை விசாரிக்க வந்தீர்களா, அம்மா? உட்காருங்கள். இந்த வீட்டில் விசாரணைக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்."

"நீ சும்மா இரு, வேணி."

அம்மையார் தொட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்: "குட்டி பிறந்ததும் என்ன செய்யும்?"

"அடியில் போய் நிற்கும். பிறகு ஒரு மூலைக்கு ஓடும். அங்கிருந்து அடுத்த மூலைக்கு."

"பிறகு?"

"பிறகென்ன? அவள் பார்த்துவிடுவாள்."

அம்மையார் கை கழுவுவதற்காக உள்ளே போனார். வழியில் ஓர் அறை திறந்து கிடந்தது. மேசைமேல் மங்கையின் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. கதவின் உட்புறத்தில் நான்கு சிறு துளைகள். அம்மையார் அவற்றின்மேல் விரலை வைத்தார்.

"இங்கே என்ன இருந்தது?" என்று பின்னால் வந்த ஆபத்சகாயத்திடம் கேட்டார்.

"தாழ்ப்பாள். கழற்றிவிட்டேன். படிக்கிறேன் என்று சாத்திக்கொண்டாள். உள்ளே படிக்கிறாளா, என்ன செய்கிறாள் என்று வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? தவறு செய்யாத பெண்ணுக்குத் தாழ்ப்பாள் எதற்கு, அம்மா?"

"சன்னலுக்குத் திரை இருந்தது. அதையும் சொல்லுங்கள்" என்றார் வேணி.

"தூசி. துவைக்கப் போட்டேன்."

"பொங்கலுக்குப் போட்டீர்கள். சித்திரையே முடியப்போகிறது."

அம்மையார் கையைக் கழுவினார். காபியைக் குடித்தார். மடத்துக்குத் திரும்பினார்.

மறுநாள் ஒரு வாளியோடு வந்தார். வாளி நிறைய மடத்துக் குளத்தில் அடர்ந்து வளரும் நீர்ச்செடியான வேலம்பாசி. ஆபத்சகாயம் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் அதைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். தண்ணீர் கலங்கிப் பச்சையாயிற்று.

"ஐயோ, அம்மா! என்ன காரியம் செய்தீர்கள்? நேற்றுத்தான் தேய்த்தேன். அதோ, நத்தை ஊர்கிறது!"

"ஊரட்டும்."

"நான் சுகாதார ஆய்வாளர். யாரேனும் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

"அபராதம் போடட்டும்."

தொட்டி தேய்க்கும் பஞ்சு அலமாரியில் இருந்தது. அம்மையார் அதை எடுத்து வாளிக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஆபத்சகாயம் பின்னாலேயே ஓடினார்.

"மங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேனே?"

அம்மையார் நின்றார். இப்போது அவருக்கும் பொறுமை போய்விட்டிருந்தது.

"வா என்று சொல்லலாம். எங்கே வரச் சொல்வது?"

ஆபத்சகாயம் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை அவர் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து தாழ்ப்பாளைத் தேடி எடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே திருகுகளை முறுக்கினார். திரையையும் அவரே மாட்டினார். வேணி கும்பகோணத்திற்குப் பேசினார். 'தாழ்ப்பாள் மாட்டியாயிற்று' என்பதோடு முடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மங்கை ஒரு பையோடு வந்து இறங்கினாள். "பார்த்துவிட்டுப் போக வந்தேன்" என்றாள். நேரே தன் அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்த ஓசை கூடம்வரை கேட்டது.

பிற்பகலில் ஆபத்சகாயம் மடத்தில் நின்றார். இம்முறையும் செருப்பு ஓசையிட்டது.

"வந்துவிட்டாள், அம்மா. வந்து என்ன பயன்? கதவைச் சாத்தியவள் சாத்தியவள்தான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. பையைப் பிரித்தாளா, கட்டியே வைத்திருக்கிறாளா, அதுவும் தெரியவில்லை."

"தட்டினீர்களா?"

"இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து இவளும் குட்டி போட்டுவிட்டாள்."

"யார்?"

"மீன்தான் அம்மா! காலையில் பருத்திருந்த வயிறு இப்போது ஒட்டிக் கிடக்கிறது. நீங்கள் கொண்டுவந்து கொட்டிய அந்தப் பாசிக்குள் எதைத் தேடுவது? பெரிய விளக்கைப் போட்டு, கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்று, ஒன்றே ஒன்றாவது கண்ணில் படவேண்டுமே?"

அம்மையார் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"அப்படியானால் உயிரோடு இருக்கின்றன" என்றார். "போய் விளக்கை அணையுங்கள்."