பதினெட்டாவது புளியங்கொட்டை

முதல் குற்றம், வடகரை நாட்டார் நம் கோயில் காளையை ஓட்டிக்கொண்டு போனது. இரண்டாவது, நம் மடையை உடைத்தது. மூன்றாவது, நம் தேர் சேற்றில் புதைந்தபோது எதிர்க்கரையில் நின்று கைதட்டிச் சிரித்தது. நான்காவது, நம் பையனோடு நிச்சயம் செய்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தது. ஐந்தாவது, பரிசல் துறையில் கல்லெறிந்தது. அந்தக் கல்லில் போனது தாண்டவராயரின் முன்பல்.

இப்படிப் பதினேழு.

தென்கரை நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, எல்லை நாளன்று, ஆற்றுத்துறையில் ஊரைக் கூட்டி இந்தக் குற்ற ஏட்டை வாசிப்பார்கள். வரிசை பிசகக் கூடாது. பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொன்றையும் வாசித்து "சாட்சி உண்டா?" என்று கேட்க வேண்டும். கூட்டம் "உண்டு!" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு அரசனே வந்தாலும் அதை அழிக்க முடியாது.

நாற்பது ஆண்டுகளாக வாசிப்பவர் தாண்டவராயர். நாட்டுக்காக ஊர்வலம் போய் இரண்டு முறை சிறையில் கிடந்தவர். சிறைக்குப் போனது அவர், பரிவட்டம் கட்டிக்கொண்டது நாட்டுத் தலைவர். அவருக்குக் கிடைத்தது இருமல்தான். அதையும் தலை நிமிர்ந்தே இருமுவார்.

பதினேழும் முடிந்தபின், அந்த ஆண்டு நாட்டுக்குத் துரோகம் செய்தவர் பெயரை வாசிப்பது வழக்கம். பெயர் வந்தவருக்கு ஓராண்டு ஊரில் யாரிடமும் நெருப்பு கிடையாது, ஊர்க் கிணறு கிடையாது. இந்த ஆண்டு தலைவர் எழுதிக் கொடுத்த பெயர், மருத்துவச்சி சடைச்சி. வெள்ளத்தில் ஆற்றைக் கடந்துபோய் வடகரைப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தாள் என்பது குற்றம். திரும்பி வரும்போது அவள் தோளில் இருந்த வடகரை வாழைத்தார் அத்தாட்சி.

எல்லை நாளுக்கு முதல் நாள் காலையில் தாண்டவராயர் மடத்துக்கு வந்தார். அவருடைய குரு நீலாயி அம்மை அடுப்படியில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்குப் பதினாறு வயது அதிகம். சேர்ந்த அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டுத்தான் காலில் விழுந்தார்.

"என்ன தாண்டவரே, முகம் சுட்ட கத்திரிக்காயா இருக்கு?"

"ஒரு கேள்வி அம்மா. நாட்டுப்பற்று அறம்தானே?"

"நாப்பது வருசமா வச்சிருக்கிறவர் நீங்க. என்கிட்ட கேட்டா?"

"சந்தேகம் இல்லே. உறுதி பண்ணிக்கத்தான்."

"உறுதியா இருக்கிறவர் விடிஞ்சும் விடியாம மூணு கல் தொலைவு நடந்து வந்திருக்கீங்க."

தாண்டவராயர் இருமினார்.

அம்மை இரண்டு மண்சட்டிகளை அவர் முன் நகர்த்தினார். "இந்தச் சட்டியிலே வடகரைக்காரங்க குற்றம். ஒண்ணுக்கு ஒரு கொட்டை."

அது ஒரு வேலையா? காளையில் தொடங்கி மூச்சு விடாமல் பதினேழும் சொல்லிப் பதினேழு கொட்டை போட்டார். ஒன்று பிசகவில்லை. ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார்.

"பலே! இந்தச் சட்டியிலே தென்கரையிலே உங்களுக்குப் பிடிச்சவங்க. ஒருத்தருக்கு ஒரு கொட்டை."

"எனக்கு நாடு முழுக்கப் பிடிக்கும்."

"நாடு சட்டிக்குள்ளே அடங்காது. ஆளைப் போடுங்க."

தாண்டவராயர் ஒரு கை நிறையக் கொட்டைகளை அள்ளிக்கொண்டார்.

"தலைவர்?" என்று எடுத்துக்கொடுத்தார் அம்மை.

"அவனா! என் தலைக்கு வந்த பரிவட்டத்தைத் தன் தலையிலே கட்டிக்கிட்டவன்."

"எண்ணெய்க்கடை மாணிக்கம்?"

"நல்லெண்ணெய்னு சொல்லி என்னத்தையோ ஊத்தறான். நாலு நாளா வயிறு சரியில்லே."

"கூட ஊர்வலம் வந்தவங்க?"

"மோர்ப்பந்தல் வரைக்கும் வந்தாங்க. அதுக்கப்புறம் திரும்பிப் பார்த்தா நானும் கொடியும்தான்."

"உங்க தம்பி?"

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க!"

அம்மை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தாண்டவராயருக்குக் கோபம் வந்தது. பத்துப் பேராவது சொல்லிக் காட்ட வேண்டும் என்று தெருத் தெருவாக மனத்தில் நடந்தார். வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு இருந்தது. கையிலிருந்த கொட்டைகள் ஒவ்வொன்றாகக் குவியலுக்கே திரும்பின. ஒன்று மட்டும் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் மகளுக்கு வலி கண்டபோது குழந்தை இரண்டு நாள் குறுக்கே கிடந்தது. சடைச்சி உண்ணவில்லை, உறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த அவரை மட்டும் நடுநடுவே வந்து அதட்டினாள். பேரனைக் கொண்டுவந்து மடியில் போட்டபோது, "கத்துறதிலே தாத்தனை மிஞ்சிட்டான், பிடிங்க" என்றாள். பிறகு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொட்டை சட்டியில் விழுந்தது. வெறும் சட்டி, சத்தம் பெரிதாகக் கேட்டது.

"யாரு?"

"சடைச்சி. நாளைக்கு நான் துரோகின்னு வாசிக்க வேண்டிய பேரு."

அம்மை தலை நிமிரவில்லை. புளி முடியும் தறுவாயில் இருந்தது.

"அப்போ நாட்டுப்பற்று அறம் இல்லேங்கிறீங்களா?" தாண்டவராயரின் குரல் எகிறியது. "நான் சிறைக்குப் போனது, பல்லு போனது, எல்லாம் வீணா?"

"நான் எதுவும் சொல்லலியே. முதல் சட்டி நிறைஞ்சிருக்கு. ரெண்டாவதிலே நாப்பது வருசத்துக்கு ஒரே ஒரு கொட்டை. நாளைக்கு அதையும் எடுத்து முதல் சட்டியிலே போடப்போறீங்களா?"

தாண்டவராயர் எழுந்தார். அந்த ஒரு கொட்டையை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் ஆற்றுத்துறையில் நல்ல கூட்டம். தலைவர் முன்வரிசையில் பரிவட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில், யாரும் பக்கத்தில் உட்காராத இடத்தில், சடைச்சி தன் சுருக்குப்பையைத் திறந்து பாக்குத் தேடிக்கொண்டிருந்தாள்.

தாண்டவராயர் தொடங்கினார். காளை. "சாட்சி உண்டா?" "உண்டு!" மடை. "உண்டு!" அன்றைக்கு அவர் குரல் கணீரென்று இருந்தது, இருமலே இல்லை. வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். கூட்டமும் உற்சாகமாகி வேகத்துக்கு வேகம் கத்தியது. பிள்ளைகள் தாளம் போட்டார்கள். தலைவர் தொடையில் தட்டினார். பதினைந்து, "உண்டு!" பதினாறு, "உண்டு!" பதினேழு, "உண்டு!"

மூச்சு வாங்க நிற்காமல் தாண்டவராயர் அடுத்ததற்குப் போனார்.

"பதினெட்டாவது! ஆறு பெருகி ஓடின நாளில் அதைக் கடந்துபோய், ஒரு தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்து, தென்கரை நாட்டுக்கு நல்ல பேர் வாங்கித் தந்தவர், இந்த நாட்டை நேசித்தவர்! சாட்சி உண்டா?"

"உண்டு!"

ஆற்றங்கரை அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் தலைவர்தான். கத்திய பிறகுதான் அவர் தொடையில் தட்டிய கை நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தாண்டவராயர் மடியில் இருந்த கொட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைவர் எழுதிக் கொடுத்த ஓலையைப் பிரித்து, எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, அதில் இருந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசித்தார்.

"மருத்துவச்சி சடைச்சி."