ஒரு வாய்த் தண்ணியும் ஒம்பதரை மொழ நூலும்

ஒரு ஊர்ல ஒரு சிரிப்புக்காரி இருந்தாளாம். பேரு மயிலாத்தா. காக்கா நடந்தா சிரிப்பா. கத்திரிக்கா கோணலா இருந்தா சிரிப்பா. எதுவுமே நடக்கலைன்னா, "என்ன, ஒண்ணுமே நடக்கலையே"ன்னு அதுக்கும் சிரிப்பா. எங்க, ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், தக்ளி. தக்ளி தெரியுமில்ல? சின்னதா ஒரு கம்பி, அடியில பித்தளை வட்டு. கம்பி முனையில பஞ்சைக் கோத்து, ரெண்டு விரலால ஒரு சுண்டு சுண்டி விட்டா, விர்ர்ர்ருனு சுத்திக்கிட்டே கீழ இறங்கும். இறங்க இறங்க மேல இருக்கிற கையில பஞ்சு நூலா நீளும். தரையைத் தொடப் போறப்ப எடுத்துக் கம்பியில சுத்திக்கணும், மறுபடி சுண்டணும். விக்கிறதுக்கும் இல்ல, நெய்யறதுக்கும் இல்ல, சும்மா ஆசைக்கு. சோறு கொதிக்கிற நேரம், மாடு தண்ணி குடிக்கிற நேரம், எப்பப் பாத்தாலும் அவ கையில விர்ர்ர்.

ஆனா சிரிச்சா கை குலுங்குமே? களுக்னு சிரிப்பா, டப்புனு நூல் அறுந்துடும், டொக்குனு தக்ளி விழும். அப்புறம் ஒட்டுப் போடுவா. மறுபடி களுக், டப், டொக். நூல் பூரா ஒட்டு ஒட்டா இருக்கும். அந்த நூல் எதுக்கு ஆச்சுங்கறே? புடலங்கா நேரா வளரணும்னு நுனியில கல்லைக் கட்டித் தொங்க விடுவாங்கல்ல, அதுக்குத்தான் ஆச்சு.

அவளுக்கு ஒரு பெரியக்கா உண்டு. தங்கமானவங்க. அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு. பொறுமைன்னா பொறுமை. அவங்க நூத்த நூல்ல எறும்பு ஏறினாக்கூட வழுக்கி விழும். சிரிக்கவே மாட்டாங்க, அது ஒண்ணுதான் குறைன்னு ஊர்ல பேசிக்குவாங்க. ஊர்க்காரங்களுக்கு என்ன தெரியும்!

"ம்."

அப்புறம், இவங்களோட தம்பிக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு. பொறந்ததுல இருந்து வீல்! வீல்! பால் குடுத்தா வீல், தாலாட்டுப் பாடினா இன்னும் பெரிய வீல். அப்போ அந்த ஊர்ல ஒரு வழக்கம். மூணாம் மாசம் பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கட்டுவாங்க. அந்த நூலை அத்தைதான் நூக்கணும், அத்தைதான் கட்டணும். பத்து மொழம் நூல், நடுவுல ஒரு ஒட்டு இருக்கக் கூடாது. ஒட்டு இருந்தா பச்சைப் பிள்ளை வயித்துல உறுத்தும்ல? அந்தப் பத்து மொழத்தை மூணு தரம் மடிச்சு முறுக்கினா இடுப்புக்குச் சரியா வரும்.

குடும்பத்துல அதுவரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் பெரியக்காதான் கட்டியிருக்காங்க. இந்தத் தடவை மயிலாத்தா வந்து நிக்கிறா.

"அக்கா, தம்பியை இடுப்புல தூக்கி வளத்தவ நான். அவன் பிள்ளைக்கு நான்தான் கட்டுவேன்."

"நீயா? கட்டப் போறது புடலங்காய்க்கு இல்லடி, பிள்ளைக்கு."

மயிலாத்தாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. "இன்னும் மூணு நாள் இருக்குல்ல? ஒட்டில்லாம நூத்துக் காட்டறேன். முடியலைன்னா நீயே கட்டிக்க. இனிமே சாகற வரைக்கும் தக்ளியைத் தொட மாட்டேன். போதுமா?"

தக்ளியைத் தொட மாட்டாளாம்! மூச்சு விட மாட்டேன்னு சொல்ற மாதிரி.

மொத நாள் வாசல்ல நின்னு ஆரம்பிச்சா. விர்ர்ர். ஒரு மொழம், ரெண்டு மொழம், நாலு மொழம். அப்போ ஒரு சேவல், கொடியில இருந்து விழுந்த பெரியக்கா ரவிக்கைக்குள்ள தலையை விட்டுருச்சு. தலை ரவிக்கையோட கைக்குள்ள மாட்டிக்கிச்சு. ரவிக்கை போட்ட சேவல் தெருவுல ஓடுது, "கொக்கரக்கோ"ங்குது. களுக்! டப்! டொக்!

ரெண்டாம் நாள் கிணத்து மேட்டுக்குப் போயி, ஊருக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டா. விர்ர்ர். அஞ்சு மொழம், ஆறு மொழம், ஏழு மொழம். அப்போ பக்கத்துத் தொட்டியில ஒருத்தர் கண்ணுல சோப்போட குளிக்கிறார். அவருக்குப் பின்னால நின்ன எருமை, "ஹாச்ச்!"னு தும்முச்சு. அவர் கண்ணைத் திறக்காமலே, "நூறாயுசு! யாருங்க, மாமாவா?"ங்கறார். எருமை "ம்ம்மா"ங்குது. களுக்! டப்! டொக்!

ஏய், நீ ஏன் குலுங்கறே? நீயும் நூல் நூக்க லாயக்கில்ல. ம் சொல்லு.

"ம்ம்."

மூணாம் நாள். மத்தியானம் கயிறு கட்டணும். மயிலாத்தா என்ன பண்ணினா தெரியுமா? வாய் நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டா! இனிமே எப்படிச் சிரிப்பே? கன்னம் ரெண்டும் உப்பிக்கிச்சு. விர்ர்ர். ஏழு மொழம், எட்டு மொழம், ஒம்பது மொழம். ஒம்பதரை!

அப்போ பெரியக்கா வந்தாங்க. தலைக்குக் குளிச்சு, கண்ணுக்கு மை வச்சு, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு வச்சு, ராணி மாதிரி வந்தாங்க.

"எத்தனை மொழம்டி ஆச்சு?"

"ம்ம்."

"வாயில என்ன?"

"ம்ம்ம்."

"கொழுக்கட்டையா? எனக்கில்லாமயா?"

அவ்வளவுதான். புர்ர்ர்ர்ர்! ஒரு வாய்த் தண்ணியும் பெரியக்கா மூஞ்சியில. டப்! டொக்!

அதுக்குள்ள வீட்டுல மேளம் டும்டும்னு ஆரம்பிச்சிருச்சு. பெரியக்கா கண்ணாடிகூடப் பாக்காம உள்ள ஓடினாங்க. புதுசா நூக்க நேரமில்ல. ஒம்பதரை மொழத்தையே மடிச்சு, முறுக்கி, மஞ்சளைத் தடவினா. அழுதுக்கிட்டே முறுக்கினா, கண்ணு. ஆமா, அந்தச் சிரிப்புக்காரிதான். பாவமா இருந்துச்சு.

"ம்..."

அப்புறம் பந்தல்ல பிள்ளையை மடியில போட்டாங்க. வீல்! வீல்! கத்திக் கத்தி வயிறு உப்பி பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. மயிலாத்தா கயித்தை இடுப்புல சுத்தினா. ரெண்டு முனையும் கிட்டக் கிட்ட வந்துச்சு, ஆனா சேரல. ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்தான், பத்தல. "த்சு, த்சு"ன்னு எல்லாரும் உச்சுக் கொட்டறாங்க.

பெரியக்கா சும்மா இருப்பாங்களா? முன்கூட்டியே ஒண்ணு நூத்து முறுக்கி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தாங்க. அதை அவிழ்த்துக்கிட்டே கம்பீரமா நடந்து வந்தாங்க. மயிலாத்தா நிமிர்ந்து பாத்தா. மை கரைஞ்சு கன்னத்துல ரெண்டு மீசை, குங்குமம் வழிஞ்சு மூக்கு நுனியில ஒரு பொட்டு!

பல்லைக் கடிச்சா. உதட்டைக் கடிச்சா. கையைக் கிள்ளிக்கிட்டா. முடியல. களுக்! அப்புறம் கெக்கெக்கே! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, அப்படி ஒரு சிரிப்பு.

பிள்ளை "வீ"ன்னு ஆரம்பிச்சது, அப்படியே நிறுத்திருச்சு. இது என்ன சத்தம்னு அத்தை மூஞ்சியையே பாத்துச்சு. அப்புறம், பொறந்து மொத மொதல்ல, "க்கீ!"ன்னு சிரிச்சுச்சு. அழுகைக் காத்தெல்லாம் போயி, உப்பின வயிறு புஸ்ஸுனு உள்ள போச்சு. கயிறு ரெண்டு முனையும் சேர்ந்துக்கிச்சு, முடிச்சுக்கும் மிச்சம்! மயிலாத்தா சிரிச்சுக்கிட்டே கட்டினா. கை குலுங்கினாலும் அந்த முடிச்சு அவிழல.

"ம்... அப்போ பெரியக்கா கயிறு?"

அதுவா? நேரா வீட்டுக்குப் போயி, புடலங்காயில கல்லு கட்டித் தொங்க விட்டுட்டாங்க.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் பாட்டி?"

எப்படித் தெரியுமா? அந்த ஒரு வாய்த் தண்ணி என் மூஞ்சியிலதானடி விழுந்துச்சு! அழுத பிள்ளை உங்கப்பன். மயிலாத்தா யாருங்கறே? காதைக் குடு. பக்கத்து ரூம்ல சின்னப் பாட்டி தூங்காம ஒட்டுக் கேக்குது பாரு.

களுக்!

கேட்டுச்சா? சரி, கதையை முறுக்கியாச்சு, முடிச்சும் போட்டாச்சு. கண்ணை மூடு.