எழுபத்தோரு மில்லிமீட்டர்

மழை அளக்கிறவர்கள் எண்பது பேர் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஆசைக்குச் செய்கிற வேலை. அவரவர் வீட்டில் ஒரு மழைமானி. காலை எட்டரைக்கு அளந்து, ஒன்பதுக்குள் குழுவுக்கு எழுதிவிட வேண்டும். சொட்டு மழை இல்லையென்றாலும் 'பூஜ்யம்' என்று எழுதியாக வேண்டும். வந்த அளவுகளைச் சேர்த்து, தினமும் மழை வரைபடம் போட்டு அனுப்புகிறவர் மாசிலாமணி.

குழுவைத் தொடங்கியவள் தில்லைநாயகி. கோவில்பட்டியில் மாவு மில் வைத்திருக்கிறாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது, மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அவர் அவளை 'ஆசான்' என்றுதான் கூப்பிடுவார். மழையை அளக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

புரட்டாசியில் வெள்ளைப்பொட்டலிலிருந்து ஒரு தையல்காரி குழுவில் சேர்ந்தாள். பெயர் இசக்கிராணி. அவள் ஊர், மாசிலாமணி ஊரிலிருந்து நாலே கிலோமீட்டர். வினை அங்கேதான் பிடித்தது.

ஐப்பசியில் ஒருநாள் மாசிலாமணி எழுதினார்: "2 மி.மீ." ஏன் என்று கேட்க நாதியில்லை. இசக்கிராணி எழுதினாள்: "58 மி.மீ. தையல் மிஷின் மிதிகட்டையில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது." இருபத்தாறு பதில்கள். மாசிலாமணி எண்ணிப் பார்த்தார். தவளைக்கு மட்டும் ஒன்பது.

ஆறு வருஷமாக ஒருநாள் விடாமல் வரைபடம் போடுகிற மனுஷனுக்கு ஒரு பதில் இல்லை. நேற்று வந்த தவளைக்கு ஒன்பது. வயிறு எரிந்தது.

மழையும் அவள் பக்கமே பெய்தது. அதுதான் தாங்கவில்லை. சாயங்காலம் மாடியில் நின்று பார்ப்பார். மேகம் கறுத்துக்கொண்டு தலைக்கு மேல் வரும். பேருக்கு நாலு தூறல் போடும். அப்படியே நகர்ந்துபோய் வெள்ளைப்பொட்டலில் கொட்டும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர் அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், புதியவரின் அளவுக்கு ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி விழுந்த அளவு குழுவின் பட்டியலிலும் ஏறாது, வரைபடத்திலும் ஏறாது.

மாசிலாமணி 58-க்குப் போட்டார். அடுத்த வாரம் 44-க்குப் போட்டார். அதற்கடுத்து 63. மூன்றாம் முறை கை கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

மறுநாள் காலை இசக்கிராணி அளவு அனுப்பவில்லை. நாலு வரி எழுதியிருந்தாள். "என் மானியில்தான் கோளாறுபோல. எனக்கு இது சரிப்பட்டு வராது. பெயரை எடுத்துவிடுங்கள். வரைபடத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கணும் அண்ணாச்சி."

அதை மூன்று தடவை படித்தார். இனித்தது. பெயரை எடுக்க ஆசான் சம்மதம் வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார்.

தில்லைநாயகி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே அவருக்குத் தும்மல் வந்தது.

"வாங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளை மெயிலைப் பார்த்தேன்."

"அப்போ பேரை எடுத்துடலாமா?"

"தவளை இறங்கிடுச்சாமா?"

"கேலி வேண்டாம் ஆசான். நான் விதிப்படிதான் செஞ்சேன்."

"விதி நான் வச்சதுதான். அது கெடக்கட்டும். நீங்க சேர்ந்தப்போ முதல் அளவு என்ன?"

யோசிக்கவே இல்லை அவர். "எழுபத்தோரு மில்லிமீட்டர். கார்த்திகை மூணாம் தேதி. பதினேழு பேர் பதில் போட்டாங்க. மறுநாளே நீங்க நேர்ல வந்து பாராட்டுனீங்க. எங்க வீட்டுல காப்பி போட்டுக் குடுத்தா."

"பாராட்டுனேனா?"

"வீடு தேடி வந்தீங்களே!"

அவள் மில்லை நிறுத்தினாள். திடீரென்று தெருச்சத்தம் கேட்டது.

"சுத்துப்பட்டுல எல்லாருக்கும் அன்னைக்கு மூணு, நாலு. உங்களுக்கு மட்டும் எழுபத்தொண்ணு. கேள்விக்குறி போட்டேன். போட்டுட்டு பஸ் ஏறினேன்."

அவள் அரைத்த தூளை ஒரு பையில் அள்ளினாள்.

"அன்னைக்கு உங்க மானி எங்க இருந்துச்சு?"

"கிணத்தடியில. இல்ல... அது நீங்க மாத்தி வச்சது. அதுக்கு முந்தி பின்கட்டுல."

"பின்கட்டுல எங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்கட்டில் தகரக் கூரை. அதன் விளிம்புக்கு நேர் கீழே, ஒரு செங்கல் மேல். கூரைத் தண்ணீர் மொத்தமும் அதில்தான் விழுந்திருக்கிறது.

"கிணத்தடியில வச்சா பார்க்க லட்சணமா இருக்கும்னு சொன்னீங்க" என்றார், மெதுவாக.

"சொன்னேன்."

"அப்போ அந்த எழுபத்தொண்ணு?"

"பட்டியல்ல ஏறவே இல்ல. பதினோரு வருஷமாச்சு, நீங்க பட்டியலைப் பார்க்கல அண்ணாச்சி. பதிலைத்தான் எண்ணிக்கிட்டிருந்தீங்க."

அவருக்குக் கண் எரிந்தது. மிளகாய் நெடி என்றே வைத்துக்கொள்ளலாம். துண்டால் துடைத்தார். துடைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்படின்னா அவ மானியும் கூரைக்குக் கீழதான் இருக்கும்!"

"இருக்கலாம்."

அவள் பரணிலிருந்து ஒரு அளவுக் குவளையை எடுத்தாள். மேலே படிந்திருந்த மாவை ஊதினாள். அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்கு நான் கொண்டுவந்தது இதுதான். தண்ணிய அளந்து மானியில ஊத்திப் பாருங்க. வெள்ளைப்பொட்டலுக்குப் பத்தேகாலுக்கு பஸ்."

குவளையை வாங்கியவர் நகரவில்லை.

"தப்பா வச்சிருந்தா?"

"பத்தடி தள்ளி வச்சுட்டு, காப்பி குடிச்சுட்டு வாங்க."

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாசிலாமணி வாசற்படி வரை போனார். குவளையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். திரும்பினார்.

"ஆசான்... சரியா இருந்தா?"

தில்லைநாயகி மில் சுவிட்சில் கை வைத்தாள்.

"காப்பியையும் குடிச்சுட்டு, தவளையையும் பார்த்துட்டு வாங்க."