பூவாயி வைத்த தழை

அந்தக் காலத்தில், ஆடும் யானையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, நெடும்பாறை மலைக்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி, உச்சியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் நேராக இறங்கும். வரையாட்டுக் கிடா ஒன்று குதித்துக் குதித்துப் போட்ட பாதை அது. கிடாவுக்கு அதில் பெருமை தாங்காது. நாலே பாய்ச்சலில் அடிவாரம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

மலை ஊர் ஆண்கள் கொடியைப் பிடித்து, வேரைப் பிடித்து, அதே பாதையில் தேனை இறக்கினார்கள், உப்பை ஏற்றினார்கள். பெண்கள் கல்யாணமாகி ஏறினதோடு சரி. வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஆன பிறகு எவள் அதில் இறங்குவாள்? உச்சியில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற அடுப்புப் புகைதான் அவர்களுக்குத் தாய்வீடு.

பூவாயி அப்படி ஏறினவள்தான். ஆனால் தலைப்பிரசவம் தன் அம்மா வீட்டில்தான் என்று புருஷன் சடையனிடம் கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தாள். ஏழாம் மாதம் பிறந்ததும் ஞாபகப்படுத்தினாள். அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடியில் மழை இறங்கி ஆறு நிரம்பிவிட்டால் தை வரைக்கும் யாரும் கடக்க முடியாது. அதனால் சடையன் மாமியாரிடம் சொல்லி ஆக வேண்டியதைப் பார்க்க முன்னாலேயே இறங்கிப் போனான். பூவாயியைக் கூட்டிவரும் பொறுப்பைக் கிடா ஏற்றுக்கொண்டது. கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும், மத்தியானச் சோறு அம்மா கையில் என்றது.

முதல் இறக்கத்திலேயே பூவாயி சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை உருளவில்லை. வயிறு பெரிதான பெண்ணுக்குத் தன் பாதமே கண்ணில் படாது என்பது கிடாவுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, உனக்கு நாலு காலும் தெரியுது. எனக்கு இருக்கிற ரெண்டும் தெரியல. நீ போய்க்கோ" என்றாள்.

உன் இஷ்டம், மலையிலேயே பெற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிடா குதித்துப் போய்விட்டது.

பூவாயி புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். புல்வெளி ஓரமாக ஒரு பெண்யானை நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிறும் தாழ இறங்கியிருந்தது.

"எத்தனை மாசம் அக்கா?"

"இருபத்தொண்ணு நடக்குது."

பூவாயி தன் ஏழு மாதத்தைப் பற்றி அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

யானையும் தண்ணீர்ப் பக்கமாகப் போய்க் குட்டி போடலாம் என்றுதான் கிளம்பியிருந்தது. எந்தப் பாதை என்று பூவாயி கேட்டாள்.

"பாதையெல்லாம் எனக்குத் தெரியாது தங்கச்சி. மூச்சு வாங்காத பக்கமாப் பார்த்து நடப்பேன். வாங்கினா நிப்பேன். அப்புறம் திரும்பி அந்தப் பக்கமா நடப்பேன்."

இது நம்மால் ஆகும் என்று பூவாயி பின்னாலேயே நடந்தாள். புல்வெளியை அகலமாகச் சுற்றி இறங்கினார்கள். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. அடுத்தது பாசி பிடித்த மரங்கள் அடர்ந்த காடு. வெயில் காசு காசாகத்தான் தரையில் விழுந்தது. ஊற்றுத் தண்ணீர் பல்லைக் கூச வைத்தது. அதைத் தாண்டி மூங்கில். யானை வாய் நிறைய மென்றுகொண்டே நடக்க, பூவாயி மடியில் கட்டியிருந்த அவித்த கிழங்கைத் தின்றுகொண்டே நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். மூச்சு அடங்கியதும் நடந்தார்கள்.

திருப்பத்துக்குத் திருப்பம் பூவாயி ஒரு தழையை ஒடித்துத் தரையில் போட்டாள். திரும்பி ஏறும்போது கையில் குழந்தை இருக்கும், வழி தேடிக்கொண்டு நிற்க முடியாதே என்ற கணக்கு அவளுக்கு.

கிடா அதற்குள் அடிவாரம் போய், உச்சிக்கு ஏறி, மறுபடி இறங்கி வந்தது. வழியில் கிடந்த தழைகளை ஒன்று விடாமல் தின்றிருந்தது.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து மலையைச் சுத்தி வேலி போடுறீங்களா? தழை ருசியா இருந்துச்சு" என்றது.

பூவாயி சண்டைக்குப் போகவில்லை. யானையை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஏறி, விட்டுப்போன திருப்பங்களில் புதுத் தழை வைத்தாள். இந்தத் தடவை காம்பின் மேல் ஒரு கல்லையும் வைத்தாள். இலையைத் தின்றாலும் கல்லைத் தின்ன முடியாதல்லவா?

மூன்றாம் நாள், முட்புதர் தாண்டிக் கடைசித் திருப்பத்துக்கு வந்தார்கள். கிடாவின் நேர்பாதை அந்த இடத்தை ஒட்டித்தான் இறங்கியது. கீழே ஆறு. எதிர்க்கரையில் அம்மா வீட்டுக் கூரை. கரையில் விரல் அளவுக்குச் சடையன் நின்றிருந்தான். வானம் கறுத்து, ஈரக்காற்று வந்தது. யானை மேற்கொண்டு நடக்காமல் நின்றுவிட்டது. அதற்கு வலி எடுத்திருந்தது.

கிடா வந்து நின்றது. இந்தத் தடவை அது கேலி பேசவில்லை.

"ஒரே ஒரு இறக்கம்தாம்மா. உட்கார்ந்தே சறுக்கிரலாம். நான் முன்னால நிக்கிறேன். மழை இறங்கிட்டா நீ தையிலதான் உங்கம்மாவைப் பார்ப்பே."

அது சொன்னது நிஜம்தான். பூவாயி ஒரு காலை நேர்பாதையில் வைத்துவிட்டாள்.

"போ தங்கச்சி, எனக்கு இது புதுசில்ல" என்றது யானை. ஆனால் அதன் தும்பிக்கை சுற்றியிருந்த மரத்தில் பட்டை உரிவதைப் பூவாயி பார்த்தாள்.

வைத்த காலை எடுத்தாள். ஒரு தழையை ஒடித்துக் கல்லுக்கடியில் வைத்தாள். யானையின் பக்கத்தில் போய் நின்று அதன் விலாவை நீவிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. தண்ணீருக்கும் நேர்வழிதான் பிடிக்கும் போலிருக்கிறது. உச்சியில் விழுந்த மழையெல்லாம் கிடாவின் பாதையைக் கண்டுபிடித்து, கல்லும் மண்ணுமாக ஒரே பாய்ச்சலில் இறங்கியது. பூவாயி கால் வைத்த இடம் கண்ணெதிரே பெயர்ந்து போனது. கிடா தாவிப் பாறையில் ஏறியது, அதற்கு மேல் பாறையில் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. திருப்பத்தில் தண்ணீர் நிற்கவில்லை. சாய்வாக வழிந்து, அவர்கள் காலை நனைத்துவிட்டுப் போய்விட்டது.

தூறலில் குட்டி பிறந்தது. இரண்டு தடவை விழுந்து மூன்றாம் தடவை எழுந்து நின்றது.

ஆறு நிரம்பிவிட்டதே என்று பூவாயி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வெள்ளம் வந்த வேகத்தில் வடியும், அடுத்ததுதான் வடியாது என்று யானை சொன்னது. விடிந்து பார்த்தால் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. குட்டியை அணைத்துக்கொண்டு யானை முன்னால் இறங்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பூவாயி ஆற்றைக் கடந்தாள்.

அம்மா ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். உன் புருஷன் கரையில் நின்று நின்று கழுத்து வலி என்கிறான், இதற்குள் இரண்டு கோழி தீர்ந்தது என்றாள்.

புரட்டாசியில் பெண் குழந்தை. தை பிறந்ததும் மலைக்குக் கிளம்பினார்கள். நேர்பாதை இருந்த இடத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சடையன் திகைத்து நின்றான். பூவாயி ஒரு கல்லைக் காட்டினாள். அதனடியில் காய்ந்த காம்பு ஒன்று இருந்தது.

ஒவ்வொரு திருப்பத்திலும் புதுத் தழை வைத்தாள், உட்கார்ந்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மூட்டை சுமந்த சடையனுக்குத்தான் அதில் ரொம்பச் சந்தோஷம். அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரமே, ஊரில் கைக்குழந்தைக்காரிகள் ஆறு பேர் அதே வழியில் தாய்வீட்டுக்கு இறங்கினார்கள்.

வரையாடு உச்சிப் பாறையைவிட்டுக் கீழே வராதது அன்றிலிருந்துதான். மலைப்பாதை வளைந்து வளைந்து போவதும், எவ்வளவு அவசரமானாலும் அந்த மலையில் நடக்கிறவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு தழையைக் கல்லுக்கடியில் வைத்து, ஒரு குழந்தை பால் குடிக்கிற நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதும் அன்றிலிருந்துதான்.