ஓடைக்குள் ஒரு நகர்

முள்ளிக்காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓர் ஓடை வழியாக வெளியே போகும். ஆனால் சில வருடங்களாக மழை சரியாகப் பெய்யவில்லை. ஓடையில் தண்ணீர் ஓடியதையே விலங்குகள் மறந்துவிட்டன. அங்கே வெறும் மணல்தான் கிடந்தது.

அந்த மணலைப் பார்த்ததும் ஒரு பெருச்சாளிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதன் பெயர் மண்ணாண்டி. வாயைத் திறந்தால் மூடாத ஆசாமி. காட்டில் முயல்கள் பெருகிவிட்டன, வளை தோண்ட இடமில்லாமல் தவிக்கின்றன என்பது அதற்குத் தெரியும். ஓடைக்குள் இறங்கிக் காலால் கோடு கிழித்தது. மனை மனையாகப் பிரித்தது. பிறகு கரையில் நின்று கூவியது.

“வாங்க, வாங்க! ஓடை நகர்! ஏரிக்கு நடந்து போற தூரம்தான்! நகம் நோகாம வளை தோண்டலாம்! மனைக்குக் கொஞ்சம் கிழங்கு கொடுத்தாப் போதும்!”

முயல்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடின. வெள்ளச்சி என்ற முயலும் ஓடியது. அதற்குக் குட்டி போடும் நேரம் நெருங்கிவிட்டது. சேர்த்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் கொடுத்து ஒரு மனை வாங்கியது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வளை தோண்டியது. தன் மார்பு மயிரைப் பிடுங்கி உள்ளே மெத்தை போட்டது.

செய்தி அரசர் காதுக்குப் போனது. முள்ளிக்காட்டின் அரசர் பெருங்கை என்ற யானை. அவர் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் ஆணை போட்டார். ஓடை தண்ணீருக்கு. மேடு வளைகளுக்கு. நடுவில் இருக்கும் புல்வெளி மேய்ச்சலுக்கு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையக் கூடாது!

ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை ஆள்காட்டிக் குருவியிடம் கொடுத்தார். குச்சிக் கால், கூர்மையான குரல், பிடித்தால் விடாத குணம். அன்றைக்கே ஓடைக்கு வந்து கத்த ஆரம்பித்தது.

“எல்லாரும் மழைக்கு முன்னாடி மேட்டுக்குப் போயிடுங்க! இது தண்ணி போற வழி!”

“தண்ணியா? எங்கே, காட்டு பார்ப்போம்!” என்று மண்ணாண்டி சிரித்தது.

“வரும்!”

“வரும்போது பார்த்துக்கலாம்!”

முயல்களும் சேர்ந்து சிரித்தன. வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை. அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மேட்டு மண்ணு கல்லு மாதிரி கிடக்கு. வயித்துல குட்டிங்களை வச்சுக்கிட்டு நான் அதை எப்படித் தோண்டுவேன்? எங்களை மட்டும் விரட்டறீங்களே! மகாராஜா சேத்துல குளிக்கிறதுக்கு ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி வச்சிருக்காரே, அது எந்த நியாயம்? முதல்ல அதை உடைச்சிட்டு வாங்க!”

வெள்ளச்சி சொன்னது உண்மை. ஏரியிலிருந்து கசியும் கொஞ்சத் தண்ணீரைத் தேக்க, ஓடையின் தலைப்பில் அரசர் ஒரு கரை போட்டிருந்தார். அதைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆள்காட்டி நேராக அரசவைக்குப் பறந்தது.

“மகாராஜா, உங்க குளியல் கரையை உடைக்கணும்!”

அமைச்சர் நரி சீறியது. “யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரியும்! ஆணை போட்டவர்கிட்டதான் பேசறேன். அந்தக் கரை இருக்கிற வரைக்கும் ஒரு முயல்கூட நகராது! மேட்டு மண்ணும் கல்லு மாதிரி கிடக்குதாம், ஒரு முயல் சொல்லுது!”

அரசரின் காதுகள் ஆடாமல் நின்றன. சேற்றுக் குளியல் என்றால் அவருக்கு உயிர். குருவியின் கதை இத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அரசர் எழுந்தார். ஓடைக்கு நடந்தார். முயல்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் காலாலேயே கரையை மிதித்து உடைத்தார்.

“மேட்டு மண்ணு கல்லு மாதிரின்னு சொன்னது யாரு?”

வெள்ளச்சி முன்னால் வந்தது. “நான்தான், மகாராஜா.”

“நீ சொன்னது சரிம்மா. போ போன்னா போதுமா? போறதுக்கு ஓர் இடம் வேணும் இல்ல? அதைச் செஞ்சு தர வேண்டியது நான்!”

மறுநாளே வேலை தொடங்கியது. யானைகள் தும்பிக்கையில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து மேட்டில் பீய்ச்சின. மண் இளகியதும் காட்டுப்பன்றிகள் மூக்கால் கிளறிப் போட்டன. அமைச்சர் நரிகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்ணைப் பறித்தது. வெயில் கொளுத்தியது. யாரும் விடவில்லை.

இருந்தாலும் முயல்களுக்கு மனம் வரவில்லை. கிழங்கு கொடுத்து வாங்கிய மனை ஆயிற்றே! வெள்ளச்சி மட்டும் மேட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறியது. அங்கே ஒரு புதருக்குப் பின்னால் பெரிய வளை ஒன்று தெரிந்தது. உள்ளே கிழங்குகள் குவிந்திருந்தன. ஒரு பெருச்சாளி எட்டிப் பார்த்தது. அது மண்ணாண்டியின் மனைவி.

“இது யார் வீடு, அக்கா?”

“எங்க வீடுதான். வந்து ரொம்ப வருஷமாச்சு. பள்ளத்துல போயி யாராவது குடியிருப்பாங்களா?”

வெள்ளச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஓட்டமாக ஓடைக்கு வந்து கேட்டதைச் சொன்னது. முயல்கள் கொதித்துப் போயின. அன்று மாலைக்குள் எல்லாம் மேடு ஏறிவிட்டன. “வாங்கின கிழங்குல கொஞ்சம் திருப்பித் தர்றேன்!” என்று மண்ணாண்டி பின்னாலேயே ஓடிப் பார்த்தது. யாரும் திரும்பவில்லை. ஆள்காட்டி ஒவ்வொரு வளைக்குள்ளும் தலையை விட்டு, யாரும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் ஓய்ந்தது.

வெள்ளச்சி மேட்டில் குட்டி போட்டது.

சீக்கிரமே மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடையில் பாய்ந்தது. மனைகள் இருந்த சுவடே இல்லை. தான் மெத்தை போட்ட இடத்தை வெள்ளச்சி மேட்டிலிருந்து தேடியது. அங்கே நுரைதான் தெரிந்தது. உள்ளே ஓடிக் குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதது. தண்ணீர் யாரையும் தொடாமல் தன் வழியே போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரின் இடத்தைத் தண்ணீருக்கு விடச் சொல்லும் அரசு, தன் கரையை முதலில் உடைத்து, குடிகளுக்கு நல்ல இடமும் செய்து கொடுத்தால்தான் அதன் சொல் நிற்கும்.