ஆள்காட்டி கிளையில் அமராத கதை

ஏரிக்கரை உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி மரத்தில்தான் கூடு கட்டியது. கரையில் நின்ற மருத மரத்தின் உச்சிக் கிளை அதனுடையது. அங்கிருந்து பார்த்தால் வண்டிப் பாதை முழுக்கத் தெரியும். தோளில் வலையோடு வேடன் பாதை முனையில் திரும்பியதும் ஆள்காட்டி கத்தும். கீழே இருப்பவை ஓடி ஒளியும். ஓட முடியாதவை பிடிபடும்.

அந்தக் கோடையில் வேடன் அடிக்கடி வந்தான். புல்லசைந்தாலே எல்லாம் நடுங்கின. பயம் கூடக்கூட, யாரையாவது காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் மயில் எல்லோரையும் மருத மரத்தடிக்குக் கூப்பிட்டது.

“இந்த மாசத்துல ஒம்பது தடவை இவ கத்தியிருக்கா. ஒம்பது தடவையும் அவன் வந்தான். கத்தாத நாள்ல ஒரு நாளாவது வந்தானா? யாராவது சொல்லுங்க.”

எல்லாம் உச்சிக் கிளையை அண்ணாந்து பார்த்தன.

“அவன் வர்றதப் பாத்துத்தானே கத்துறேன், அண்ணே,” என்றது ஆள்காட்டி.

“அது நீ சொல்றது,” என்றது கௌதாரி. இரண்டு நாள் முன்புதான் அதன் துணையை வேடன் கொண்டுபோயிருந்தான். “எங்களுக்கு முதல்ல கேக்குறது உன் குரல். அப்புறம்தான் அவன் தலை தெரியுது. வாய் நிறையக் கூப்பிட்டா வராம இருப்பானா?”

மரத்தடிப் புதரில் மூன்று குட்டிகளோடு குடியிருந்த முயல் மட்டும் தணிவாகப் பேசியது. “கோவிச்சுக்காத அக்கா. உன் தொண்டைக்கும் ஓய்வு வேணாமா? கொஞ்ச நாள் சும்மா இருந்துதான் பாரேன்.”

மயில் மேலே கூட்டைப் பார்த்தது. அதில் நான்கு முட்டைகள் இருந்தன. “இன்னொரு தடவை உன் சத்தம் கேட்டுச்சுன்னா, கூட்டத் தள்ளி விட்டுருவோம்.”

மூன்று நாட்கள் ஆள்காட்டி கத்தவில்லை. மூன்று நாளும் வேடன் வரவில்லை. “பாத்தியா?” என்று கௌதாரி கீழிருந்து கேட்டுவிட்டுப் போனது. ஆள்காட்டிக்குத் தன் குரலை நினைத்தாலே உடம்பு கூசியது. உண்மையிலேயே நான்தான் அவனைக் கூப்பிட்டேனா? போன உயிர்கள் எல்லாம் என்னால்தான் போயினவா?

நான்காம் நாள் உச்சி வெயிலில் பாதை முனையில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள். தோளில் வலை.

ஆள்காட்டியின் அலகு தானாகவே திறந்தது. பக்கத்தில் முட்டைகள். கத்தாவிட்டால் ஒருவேளை திரும்பிப் போய்விடுவான். அது குரலை விழுங்கிக்கொண்டு, கால் விரல்களால் கிளையை இறுகப் பற்றியது. குரல் மேலே வர வர, இன்னும் இறுக்கியது. பின்விரல்களின் எலும்பு நொறுங்கியதுகூட அதற்குத் தெரியவில்லை.

வேடன் திரும்பிப் போகவில்லை.

கீழே முயல் குட்டிகளோடு புல் தின்றுகொண்டிருந்தது. எதுவோ மணத்ததுபோலத் தலையைத் தூக்கி, ஆள்காட்டியைப் பார்த்தது. ஆள்காட்டி பேசாமல் இருக்கக் கண்டு, மறுபடியும் மேயக் குனிந்தது.

வலை விழுந்தது.

அப்போதுதான் ஆள்காட்டி கத்தியது. ஒரே ஒரு குட்டி துள்ளி ஓடியது. முயலும் மற்ற இரண்டு குட்டிகளும் வேடனின் தோளில் தொங்கிக்கொண்டு போயின.

“ஏன் கத்தல?” என்று கேட்டது கௌதாரி.

“நீங்கதானே...”

“நாங்க ஆயிரம் சொல்லுவோம். கண்ணு உனக்குத்தானே இருந்துச்சு?”

மயில் அந்த ஒன்பது தடவையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கூட்டை யாரும் தள்ளவில்லை. ஆனால் பின்விரல் போன ஆள்காட்டியால் கிளையைப் பிடிக்க முடியவில்லை. பறந்து பறந்து போய் உட்காரப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் சறுக்கி விழுந்தது. மேலே நான்கு முட்டைகளும் குளிர்ந்துபோயின.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டி எந்த மரத்திலும் அமர்வதில்லை. வெட்டவெளியில், கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. தூரத்தில் தலை தெரிந்தால் போதும், வருவது வேடனா மாடு மேய்ப்பவனா என்றுகூடப் பார்க்காமல் கத்துகிறது. அதைக் கேட்பவர்கள் இன்றைக்கும் முதலில் அதைத்தான் திட்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் பாதையைப் பார்க்கிறார்கள்.