இரண்டு ‘சரி’யும் ஒரு மாடியும்

விருதுநகர்த் தங்கமாரி வீட்டில் மாடி எழும்பும்போது யோசனை சொல்ல ஊரே வந்தது. அதை முதன்முதலாக வாடகைக்கு விடும்போது எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அப்படி அவள் மாட்டிக்கொண்ட சிக்கல் இது. உங்களால் அவிழ்க்க முடிகிறதா பாருங்கள்.

தங்கமாரி ஜாக்கெட் தைப்பவள். இருபது வருஷம் மிஷின் மிதித்துக் கட்டிய மாடி அது. கேட்டில் ‘வாடகைக்கு’ பலகை தொங்கவிட்டு ஒரு மாதம் ஆயிற்று. போன் மட்டும் ஓயவில்லை. ‘காத்து வருமா’, ‘கறி சமைக்கலாமா’, ‘பைக் ரெண்டு நிறுத்தலாமா’ என்று துருவுவார்கள். கடைசியில், ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்பார்கள். அந்த வீடுகளில் எல்லாம் என்னதான் கேட்டார்களோ, இன்றுவரை ஒருத்தரும் கேட்டு முடிக்கவில்லை. ஒப்பந்தம் எழுத வாங்கிய முத்திரைத்தாள் லைனிங் துணிகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்தது. வருகிற புதன்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் ஆவணிவரை மாடி பூட்டிக் கிடக்கும். பேங்க் தவணை பூட்டிக் கிடக்காது.

அவளுக்கு ஒரு பழக்கம். யார் என்ன பேசினாலும் ‘சரி… சரி’ என்பாள். சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை. நீ பேசு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். “எமன் வந்து கூப்பிட்டாலும் சரின்னுட்டு, அப்புறந்தான் எங்கேன்னு கேப்பா” என்பார் அவள் கணவர் பெத்துராஜ்.

வியாழக்கிழமை காலை மாசிலாமணி என்பவர் போன் செய்தார். தனியார் பள்ளிக்கூடத்து வாத்தியார். தங்கமாரி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

“தெருவுல போகும்போது பலகையைப் பாத்தேன்க்கா. நாங்க நாலு பேரு.”

“சரி.”

“என்னமோ கடகடன்னு சத்தம் வருதே, நான் பேசுறது கேக்குதாக்கா?”

“சரி.”

“அப்ப திங்கக்கிழமை காலையில பால் காய்ச்சிடுறோம்.”

“சரிங்க, சரி.”

இன்னொரு ‘கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று நினைத்துத்தான் போனை வைத்தாள். மிஷின் ஒரு தையலுக்குக்கூட நிற்கவில்லை. மாசிலாமணியோ அன்று மாலையே, இருந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் மறுநாளே வேறு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை செண்பகம் நேரிலேயே வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். மாடி ஏறினாள், குழாயைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், தங்கமாரியின் மிஷினருகே இறங்கி வந்தாள்.

“பாத்ரூம் கதவு சாத்தவே மாட்டேங்குதேக்கா. பொம்பளைப் பிள்ளையை வச்சிருக்கேன்.”

மிஷின் நின்றது. “உன்கூட யார் யாரு இருப்பாங்க?”

“நானும் மகளும்தான்.”

“கதவை நாளைக்கே ஆசாரியை வரச்சொல்லி இழைச்சுத் தாரேன். எப்ப வர்றே?”

“திங்கக்கிழமை பால் காய்ச்சிடுறேன். இருக்கிற வீடு மாசக் கடைசி வரைக்கும் இருக்கு, சாமானை மெதுவாக் கொண்டுவாரேன்.”

“சரி” என்று தங்கமாரி சாவியைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை. மாடியில் செண்பகம் அடுப்பைப் பற்றவைத்த அதே நேரம், கட்டில் பீரோ ஏற்றிய குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. மாசிலாமணி பால் பாத்திரத்தோடு இறங்கினார். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

“நீங்க யாருங்க?” என்றாள் தங்கமாரி.

“என்னக்கா, அன்னைக்கு வாய் நிறைய சரின்னீங்களே!”

“நான் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சரிம்பேன்! அதுக்கு வண்டி ஏத்திட்டு வந்துருவீங்களா? ஒரு மாசமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. இன்னைக்கு ரெண்டு பால் சட்டி!”

“அந்தச் சரியை நம்பித்தான் இருந்த வீட்டை விட்டேன். இப்ப இந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோக?”

மாடிப்படியில் நின்ற செண்பகம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “எனக்கும் அதே சரிதான் சொன்னாங்க. நான் இறங்க மாட்டேன்.”

பெத்துராஜ் மனைவியின் காதருகே குனிந்தார். “அந்தப் பொண்ணுக்கு மாசக் கடைசி வரைக்கும் வீடு இருக்கு. வாத்தியாருக்குப் போக்கிடம் இல்லை. முதல்ல கேட்டவரும் அவர்தான். அவருக்கே விட்ரு.”

தங்கமாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சொன்னது ஒரே வார்த்தை. மேலே பால் பொங்கிக்கொண்டிருந்தது.

மாடி யாருக்குச் சேரும்? வாத்தியார், நர்ஸ், பெத்துராஜ், இந்த மூவரில் யார் சொல்வது சரி?

விடை: மாடி செண்பகத்துக்குத்தான். ‘கேக்குதா’ என்றதற்கு ‘சரி’ என்று பதில் வந்தபோதே, எதிர்ப்பக்கம் காது இல்லை என்று மாசிலாமணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கிறவர்கள் ‘கேக்குது’ என்பார்கள். பரீட்சைத் தாளில் ‘பொருத்துக’ திருத்துகிற மனிதர், வீட்டுத் தவிப்பில் பொருந்தாத இந்தப் பதிலுக்கு மட்டும் தானே மார்க் போட்டுக்கொண்டார். செண்பகத்திடமோ தங்கமாரி மிஷினை நிறுத்தி, யார் யார், என்றைக்கு என்று கேட்டாள். அதன் பிறகு சொன்ன சரிதான் சம்மதம். பெத்துராஜ் சொன்னது இரக்கம். ஆனால் மாடியைச் செண்பகத்தின் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. தங்கமாரிக்கு அது தெரியும். தன் மிஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, முன்கூடத்தில் வாத்தியார் வீட்டுச் சாமான்களை இறக்கி வைக்கச் சொன்னாள். வாத்தியார் குடும்பத்தோடு தன் மச்சினர் வீட்டில் ஒண்டிக்கொண்டார். அவருக்கு ஆவணியில் வீடு பிடித்துத் தருவது தன் பொறுப்பு என்று, வேறு பலகைகளிலிருந்த நம்பர்களுக்கு அவளே போன் செய்தாள். “நாலு பேருங்க, நல்ல குடும்பம்” என்றாள் முதல் ஆளிடம். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் சொன்னது: “சரி… சரி.”